வலது பக்கக் கண்ணாடி

டாக்டர் சங்கரநாராயணனின் மாரிஸ் மைனர் வண்டிக்கு முன்னால் இரண்டு கண்ணாடிகள். நடுவில் ஒரு சட்டம் ஓடும். அதற்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. தென்காசியில் வீட்டோடு ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்க்க இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் ஆய்க்குடிக்கும் அந்த வண்டியில்தான் போய் வருவார். டிரைவர் வைத்துக்கொண்டதில்லை.

சாரல் காலத்தில்தான் கஷ்டம். பக்கத்துக் கண்ணாடிகளை ஏற்றினால் மூச்சுக்காற்றே முன்கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். இறக்கினால் சட்டையெல்லாம் நனையும். ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் துணி என்று துடைத்துத் துடைத்து ஓட்டுவார். துடைத்த இடம் பத்து எண்ணுவதற்குள் மறுபடி மங்கும்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம், வைக்கோல் அடைத்த ஒரு மரப்பெட்டியைப் பின்சீட்டில் படுக்கவைத்து, குற்றாலம் ரோட்டிலிருந்த ஏசுவடியானின் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஏசுவடியான் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். லாரி, பஸ், டிராக்டர் எது வந்தாலும் டைனமோ, செல்ஃப் மோட்டார், பாட்டரி, வயரிங் பார்ப்பான். நாற்பத்து நாலு வயது. அந்த டாக்டரிடம் அவனுக்கு இருந்தது மரியாதை மட்டுமல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி ரத்தினம் டைஃபாய்டில் கிடந்தபோது, டாக்டர் தினம் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தார். பிழைப்பாளா என்று ஏசுவடியான் கேட்டதற்கு, "இன்னும் மூணு நாள் கழிச்சுக் கேளும். இப்பம் கேட்டா தெரியலைன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்ல எனக்கு வராது" என்றார். அந்த மூன்று நாளும் ஏசுவடியானுக்கு அவர் மேல் கோபமாகத்தான் இருந்தது. நாலாவது நாள் வந்து, "பிழைச்சுக்கிட்டா" என்று சொன்னபோது அதை அவன் முழுசாக நம்பினான். ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டான்.

பெட்டியைத் திறந்தால் ஒரு கண்ணாடி. டாக்டரின் மைத்துனர் சீமையில் கண்ணாடித் தொழிற்சாலையில் எஞ்சினியர். காகிதத்தில் அளவு வரைந்து தபாலில் அனுப்பி, அதன்படி செய்து வந்திருக்கிறது. இரண்டு தகட்டுக் கண்ணாடிக்கு நடுவில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் நெடுக ஓடின. வானத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் அவை கண்ணில் படும். மேலேயும் கீழேயும் செம்புப் பட்டை. அதில் கரண்டு கொடுத்தால் கண்ணாடி சூடாகும். படிந்த ஆவி தானே காய்ந்துவிடும்.

"இதை மாட்ட முடியுமாவே?"

"முடியும்யா. ஒண்ணுதான் வந்திருக்கா?"

"ஓட்டுத பக்கம் மட்டும் போதும். எனக்கு ரோடு தெரிஞ்சாச் சரி."

அவர் வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றும்போது இடது மட்கார்டு கதவுத் தூணில் உரசிக்கொண்டு வந்ததை ஏசுவடியான் பார்த்தான். அந்த மட்கார்டில் ஏற்கெனவே நாலைந்து நெளிவு. போன வருஷம் அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஒன்றும் கேட்கவில்லை.

வேலை மூன்று நாள் பிடித்தது. கண்ணாடிக்குப் பதினைந்து ஆம்பியர் வேண்டும் என்று மைத்துனர் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வண்டியின் டைனமோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்தாலே இருபத்திரண்டுதான். மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடினால் அதில் பாதி போய்விடும். மிச்சத்துக்குப் பாட்டரியைத்தான் உறிஞ்ச வேண்டும். அதனால் தொடர்ந்து எரியவிடக்கூடாது, ஐந்து நிமிஷம் போட்டு அணைக்க வேண்டும் என்று முடிவுபண்ணி, ஞாபகத்துக்கு ஒரு சிவப்பு பல்பு வைத்தான். பாட்டரியிலிருந்து நேராகப் பருத்த வயர் இழுத்து, ஃப்யூஸ் போட்டு, லாரி ஹாரனுக்குப் போடுகிற ரிலேயை நடுவில் வைத்தான். பழைய இங்கிலீஷ் வண்டி என்பதால் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். அதற்குத் தகுந்தபடி பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த் முறுக்கினான். கடைசியாகக் கண்ணாடிக்குப் புது ரப்பரைச் சுற்றி, ரப்பரின் உதட்டுக்குள் சணல் கயிற்றை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளேயிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி உட்காரவைத்தான். ஸ்விட்சைப் போட்டுக் கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சூடு வந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படியொரு வேலையைத் தென்காசியில் வேறு எவனும் செய்ததில்லை.

மறுநாள் காலை நல்ல சாரல். டாக்டர் வந்தார். "ஏறும். ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வருவோம். நீரும் கூட இருந்து பாக்கணும்."

ஏசுவடியான் இடது பக்கம் ஏறிக்கொண்டான். பக்கத்துக் கண்ணாடிகளை முழுக்க ஏற்றச் சொன்னார். மேலகரம் தாண்டுவதற்குள் இரண்டு துண்டுக் கண்ணாடியும் வெள்ளையாக மூடிக்கொண்டது. வைப்பர் வெளியே ஓடி என்ன பிரயோஜனம், உள்ளேயல்லவா மூடுகிறது. டாக்டர் வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"போடட்டுமா?"

"போடுங்கய்யா."

சிவப்பு பல்பு எரிந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கீழ்ப்பட்டையிலிருந்து கோடுகோடாகத் தெளிய ஆரம்பித்து, கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, யாரோ வேட்டியை உருவியெடுத்த மாதிரி வலது கண்ணாடி முழுவதும் சுத்தமாகிவிட்டது. ஏசுவடியான் எட்டிப் பார்த்தான். ரோடு, ரோட்டோரத்து மைல்கல், அதில் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்த குரங்கு, அதற்கப்பால் மேகம் இறங்கிய மலை எல்லாம் கழுவித் துடைத்த மாதிரித் தெரிந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடது பக்கத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அவன் சிரித்துக்கொண்டே டாக்டரைப் பார்த்தான்.

டாக்டர் ஸ்டீயரிங் மேல் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் பார்த்தார். தலையைத் திருப்பி இடது கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி வலதைப் பார்த்தார்.

"ஸ்விட்ச் போட்டிருக்குல்லா?"

"போட்டிருக்குய்யா."

"இன்னும் தெளியலையேவே."

ஏசுவடியானுக்குச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. டாக்டர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். "சூடு இருக்கு. ஆனா மூடலாவே இருக்கு. உமக்கு எப்படித் தெரியுது? உள்ளதைச் சொல்லும்."

மழை கூரைத் தகட்டில் விழுந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை ஏசுவடியான் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கருவிழிகள் எதன் மேலும் நிலைக்காமல் இருந்தன. ரத்தினத்தின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன். தெளிந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"எனக்கும் மூடலாத்தான்யா இருக்கு. டைனமோ பத்தலை. உள்ள சூடு ஏறுது, முழுசா ஏற மாட்டேங்குது."

டாக்டர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். "அப்படியா," என்றார். "அதான பாத்தேன். டைனமோதானா."

திரும்பி வரும் வழியெல்லாம் பழைய கதைகள் பேசிக்கொண்டு வந்தார். எதிரே வந்த பஸ்ஸுக்கு அவர் ஒதுங்கினது ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகுதான். ஏசுவடியான் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டைனமோவைக் கழற்றி, கார்பன் மாற்றி, காயில் புதிதாகச் சுற்றிப் போட்டான். போன வாரம் போட்ட வயரை எடுத்துவிட்டு அதைவிடப் பருத்த வயர் இழுத்தான். டிக்கியில் இரண்டாவதாக ஒரு பாட்டரி வைத்தான். நன்றாக வேலை செய்கிற ஒன்றை ரிப்பேர் பார்ப்பதுபோல் மணிக்கணக்காக வண்டிக்கடியில் படுத்துக் கிடப்பது அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கொஞ்சம் தேவலைவே" என்பார். பாட்டரி வைத்த அன்றைக்கு, "நல்லாவே தெரியுது" என்றார்.

ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் டாக்டரின் மனைவி கோமதியம்மாள் குடையோடு பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அந்தக் கண்ணாடி வேலை செய்யுதா இல்லையா?"

"செய்யுதும்மா."

"நல்லா?"

"நல்லாவே செய்யுது. முதல் நாளே தெளிஞ்சுட்டு."

அவள் குடையை மடக்கி, அதன் நுனியால் தரையைக் குத்திக்கொண்டு நின்றாள். "மாசி மாசம் மதுரைக்குப் போயி கண்ணைக் காட்டிட்டு வந்திருக்காக. எங்கிட்டச் சொல்லலை. பீரோவுல சீட்டு இருந்துது. கண்ணுல பிரஷர் ஜாஸ்தியாம். நரம்பு செத்துக்கிட்டு வருதாம். ஓரப் பார்வை போயிட்டு, நடுவுல இருக்கதும் போயிருமாம். திரும்ப வராதாம். சொட்டு மருந்தைக் குளிக்கிற ரூமுல ஒளிச்சு வச்சுப் போட்டுக்கிடுதாக."

"நீங்க கேக்கலியாம்மா?"

"எப்படிக் கேக்க? சாயங்காலம் வந்து, 'கண்ணாடி இன்னைக்கு எவ்வளவோ தேவலை, கோமதி'ங்காக. அந்தச் சந்தோஷத்துல ரெண்டு வாய் கூடச் சாப்பிடுதாக." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சாரல் முடியட்டும். வானம் வெளுத்துட்டா கண்ணாடியைக் குத்தம் சொல்ல முடியாதுல்லா. அப்பம் அவுகளுக்கே தெரிஞ்சிரும், இல்லைன்னா நான் சொல்லிருதேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லிராதிய."

அவனும் சரி என்றான். இன்னும் பத்துப் பதினைந்து நாள். அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று இருவருமே நினைத்தார்கள். அல்லது நினைக்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டார்கள்.

ஆவணி பிறந்து நாலாம் நாள், சாரல் ஓய்ந்து நல்ல வெயில் அடித்தது. பத்து மணி இருக்கும். இலஞ்சியில் ஒரு வாதநோய்க்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய டாக்டரின் வண்டி, ரோட்டின் இடது ஓரமாகப் புல்லுக்கட்டைச் சுமந்துபோன உலகம்மாள் என்ற கூலிக்காரியை மோதித் தள்ளியது. கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அவள் சரியான ஓரத்தில்தான் போயிருக்கிறாள். சத்தம் கேட்ட பிறகும், புல்லுக்கட்டு கண்ணாடி மேல் சிதறிய பிறகும், என்ன மோதியது என்று டாக்டருக்குத் தெரியவில்லையாம். இறங்கி வந்து, தரையில் கையால் தடவித் தேடி அவளைக் கண்டுபிடித்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வண்டியிலிருந்த பலகையையும் தன் வேட்டியில் கிழித்த துணியையும் வைத்து அவரே கட்டுப் போட்டார். அந்த வழியாக வந்த காய்கறி டெம்போவை நிறுத்தி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், எனக்குக் கண் தெரியவில்லை, தெரியாமலே ஓட்டினேன், தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிக்கொடுத்தார். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தனவாம்.

நாலு நாள் கழித்து ஏசுவடியானுக்கு ஆள் விட்டார். டாக்டர் வீட்டு ஆஸ்பத்திரி அறையில் நோயாளிகள் யாரும் இல்லை. மேஜைக்குப் பின்னால் டாக்டர் உட்கார்ந்திருந்தார். உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கோமதியம்மாள் நின்றாள்.

"ஏசுவடியானா? இரும்." அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "அன்னைக்கு ஐந்தருவி ரோட்டுல, புளியமரத்தடியில. கண்ணாடி தெளிஞ்சுதா?"

"தெளிஞ்சுதுய்யா."

"முழுசா?"

"முழுசா."

"எவ்வளவு நேரத்துல?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

டாக்டர் தலையை ஆட்டினார். "வேலையைச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கீரு." கொஞ்ச நேரம் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "மதுரையில சொன்னப்பவே நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்த மனசு வரலை. பாதி கண்ணு, பாதி கண்ணாடின்னு சொல்லிக்கிட்டேன். கண்ணாடியோட பங்கைக் கழிச்சுட்டா மிச்சம் எம்பங்கு எவ்வளவுன்னு தெரிஞ்சிரும்லா. அதுக்குத்தான் அதை வரவழைச்சேன். நீரு தெளிஞ்சுட்டுன்னு சொல்லியிருந்தா சாவியை அங்கனயே உம்ம கையில குடுத்திருப்பேன். திரும்ப நீருதான் ஓட்டிட்டு வந்திருப்பீரு. அதுக்குத்தான்வே உம்மைக் கூட்டிக்கிட்டுப் போனேன்."

நிலையைப் பிடித்திருந்த கோமதியம்மாள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் பட்டறைக்கு வந்துபோனதை ஏசுவடியான் அப்போதும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் யாரிடமும் சொன்னதில்லை.

"உம்மேல குத்தம் இல்லை," என்றார் டாக்டர். "எனக்குத் தெரிஞ்சதுதான். இருந்தாலும் இன்னொரு ஆள் வாயால கேக்கணும்னு இருந்துது. போயிட்டு வாரும்."

அவன் எழுந்து வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தான். அவன் எழுந்துவிட்டது தெரியாமல் டாக்டர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ரத்தினத்திடம் சொன்னான். "பாவம்னு பாத்துத்தான சொன்னிய," என்றாள் அவள். அந்த ஆறுதல் அவன் மேல் ஒட்டவில்லை. பட்டறையில் யாராவது ஹெட்லைட் ரிப்பேருக்கு வண்டியைக் கொண்டுவந்தாலும், நெளிந்த மட்கார்டு இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்த்தான். உள்ளதைச் சொல்லும் என்று டாக்டர் கேட்டது காதில் நின்றது. கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு பதில். எத்தனை சுலபம்.

புரட்டாசிக் கடைசியில் உலகம்மாளைப் போய்ப் பார்க்கலாம் என்று புறப்பட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைச் சுந்தரபாண்டியபுரத்தில் மகள் குருவம்மாள் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். போகும் முன்னால் பெரியாஸ்பத்திரியில் விசாரித்தான். எலும்பு கூடவில்லை, இனி நடமாட்டம் கிடையாது என்று சொன்னார்கள். மகளிடம் சொல்லியாயிற்றாம்.

பஸ்ஸை விட்டிறங்கிக் கேட்டுக்கேட்டுப் போனான். மகள் தண்ணீருக்குப் போயிருந்தாள். கயிற்றுக் கட்டிலில் உலகம்மாள் படுத்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்காது; புல்லறுத்துக் காய்ப்பேறிய கைகள் போர்வைக்கு மேல் சும்மா கிடந்தன. அவன் வாங்கிவந்த ரொட்டியையும் பழத்தையும் கட்டிலோரத்தில் வைத்தான்.

"யாருய்யா?"

"டாக்டரய்யா வண்டிக்கு வயரிங் வேலை பாத்தவன்க்கா. எம்பேர்ல ஒரு தப்பு இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்." கண்ணாடியையும் டைனமோவையும் பற்றித் தடுமாறித் தடுமாறிச் சொன்னான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "நீயா ஓட்டுன?"

"இல்ல."

"பொறவு என்ன." அவளுக்கு அது விளங்கவும் இல்லை, விளங்கிக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. அவளுடைய நினைப்பு வேறு ஒன்றில் இருந்தது. "நீ டவுன்ல இருக்கவன். ஆஸ்பத்திரிப் பக்கம் போவேல்லா? தை மாசம் அறுப்புக்கு நான் எந்திரிச்சிருவேன்லா? எம்மககிட்டக் கேட்டா, ஆகும் ஆகும்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சொல்லுதா. நீ உள்ளதைச் சொல்லு."

வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேயும்வரை ஏசுவடியான் காத்திருந்தான்.

"இல்லக்கா," என்றான். "இனிமே நடக்க முடியாதுன்னு சொல்லுதாக."

அவள் அவனையே பார்த்தாள். ஏதாவது இன்னும் சொல்வானோ என்று காத்திருப்பவள்போல வாய் லேசாகத் திறந்திருந்தது. அவன் ஒன்றும் சொல்லாதபோது, கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பினாள். உடம்பைத் திருப்ப முடியவில்லை. தலை மட்டும் திரும்பியது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கட்டில் கயிறு மட்டும் விட்டுவிட்டுக் கிறீச்சிட்டது.

குருவம்மாள் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். தாயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"என்ன சொன்னீரு எங்கம்மைகிட்ட?"

அவன் சொன்னான்.

அவள் குடத்தை இறக்கிவைக்காமலே நின்றாள். "ஒரு மாசமா நான் சொல்லாம வச்சிருந்தேன்," என்றாள். "அந்த ஆசையிலதான் ரெண்டு வாய்க் கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கிடந்தா. நீரு யாரு? எதுக்கு இங்கன வந்தீரு?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். தென்காசி பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். நிழல் இருந்தும் வெயிலிலேயே நின்றான்.